பாஹா கலிஃபோர்னியா: தார்ச்சாலையை விட்டு இறங்கிப் பாலைவனத்தில் தங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

மெக்ஸிகோவின் வடமேற்கு மூலையிலிருந்து தெற்கு நோக்கிச் சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு இறங்கும் ஒடுங்கிய பாலைவனத் தீபகற்பம் பாஹா கலிஃபோர்னியா. மேற்கே குளிர்ந்த பசிபிக் பெருங்கடல், கிழக்கே வெதுவெதுப்பான கலிஃபோர்னியா வளைகுடா, நடுவே முள்ளும் பாறையும் நிறைந்த மலைத்தொடர் என்பதே அதன் அமைப்பு. வடக்கிலிருந்து தென்முனை வரை தொடர்ச்சியான தார்ச்சாலை 1973-இல்தான் முழுமை பெற்றது. டிஹுவானாவில் தொடங்கிக் காபோ சான் லூகாஸில் முடியும் அந்த மெக்ஸிகோ 1 நெடுஞ்சாலையின் நீளம் 1,700 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த ஒற்றைச் சாலையின் இருபுறமும் மீன்பிடிக் குடியிருப்புகளுக்கும், பழைய மிஷன் தேவாலயங்களுக்கும், ஆளே இல்லாத கடற்கரைகளுக்கும் இன்றும் மண்பாதைகளே செல்கின்றன. இந்த வழிகாட்டி அந்த மண்பாதைகளைப் பற்றியது.

இங்கே பயணத்தைக் கிலோமீட்டரில் திட்டமிடக் கூடாது என்பதே பல பயணங்களுக்குப் பிறகு எனக்கு உறுதியாகியிருக்கும் முதல் பாடம். அடுத்த பெட்ரோல் எங்கே, அடுத்த குடிநீர் எங்கே, வெளிச்சம் எத்தனை மணி வரை என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு நாள் காலையிலும் விடை சொல்ல முடிந்தால் பயணம் நல்லபடியாக நடக்கும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த மூன்றையும் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலமே கூடாரத்தில் தங்க ஏற்றது. கோடையில் வளைகுடாக் கரையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவதோடு, இரவிலும் போதிய அளவு தணிவதில்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பசிபிக் சூறாவளிகளின் காலம். 2014 செப்டம்பரில் ஒடீல் சூறாவளி தென்முனையைத் தாக்கியது. 2018-இல் ரோசா என்ற புயலின் எச்சமே சான் ஃபெலிப்பேவுக்குத் தெற்கே மெக்ஸிகோ 5 சாலையின் பாலங்களை அடித்துச் சென்றது. ஆண்டு முழுவதும் வறண்டு கிடக்கும் நிலத்தில் ஒரே நாளில் பெய்யும் மழைக்கு அவ்வளவு வலிமை உண்டு.

குளிர்காலத்துக்கும் தனிக் குணம் உண்டு. வளைகுடாப் பக்கத்தில் வடக்குக் காற்று எழுந்தால் இரண்டு மூன்று நாள்கள் ஓயாமல் வீசி, கூடாரத்தின் கம்பிகளை வளைத்துவிடும். பசிபிக் பக்கத்தில் காலை முழுவதும் மூடுபனி நிற்கும். ஒரு கரையில் வானிலை ஒத்துவராவிட்டால் மறு கரைக்கு மாறிக்கொள்ள முடிவது இந்தத் தீபகற்பத்தின் பெரிய வசதி. சாம்பல் திமிங்கலங்களைக் காண விரும்புவோர் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வாரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். வட துருவக் கடல்களிலிருந்து வலசை வரும் அவை ஓஹோ டி லியெப்ரே, சான் இக்னாசியோ ஆகிய காயல்களில் குட்டி ஈனும் காலம் அது. உரிமம் பெற்ற படகோட்டிகளுடன் மட்டுமே அங்கே நீரில் இறங்க அனுமதி உண்டு.

இரண்டாம் படி: ஆவணங்கள்

நிலவழியாக எல்லையைக் கடக்கும்போது பெரும்பாலும் யாரும் உங்களை நிறுத்தமாட்டார்கள். ஆனாலும் வண்டியை ஓரமாக நிறுத்திக் குடிவரவு அலுவலகத்துக்கு நீங்களே சென்று, எஃப்.எம்.எம். எனப்படும் சுற்றுலா அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, அமெரிக்காவின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ (கிரீன் கார்டு) இருந்தால், மெக்ஸிகோ விசா தனியாகத் தேவையில்லை. கலிஃபோர்னியாவில் பணிபுரியும் நம்மவர்கள் இதில் தடுமாறுவது ஓர் இடத்தில்தான்: பணி அனுமதி நடப்பில் இருந்தும் கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் இந்தச் சலுகை பொருந்தாது. திரும்பி வரும்போதும் அதுவே சிக்கலாகலாம். ஆகவே தேதியைப் பார்த்த பிறகே மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குங்கள்.

அமெரிக்க வாகனக் காப்பீட்டை மெக்ஸிகோவின் சட்டம் ஏற்காது. அங்கே செல்லும் காப்பீட்டை முன்கூட்டியே வாங்கி, அச்சிட்ட படியை வண்டியில் வைத்திருக்க வேண்டும். மண்பாதையில் நேரும் சேதத்துக்கும் இழுவைக்கும் அது பொருந்துமா என்பதைப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை வண்டிகளுக்குப் பெரும்பாலும் தார்ச்சாலைக்கு வெளியே அனுமதி இருக்காது. தீபகற்பத்துக்குள் மட்டும் சுற்றினால் தற்காலிக வாகன இறக்குமதி அனுமதி வேண்டாம். லா பாஸிலிருந்து கப்பலில் வண்டியை ஏற்றி மறுகரைக்குச் செல்வதானால் அது கட்டாயம். துப்பாக்கி மட்டுமன்று, இருக்கைக்கு அடியில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவும் சிறைக்கு வழிவகுக்கும். பிறரிடமிருந்து கடனாக வாங்கிய வண்டியென்றால் ஒவ்வொரு அறையையும் திறந்து பாருங்கள்.

மூன்றாம் படி: வண்டியும் கருவிகளும்

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் நல்லது. ஆனால் அதைவிட முக்கியமானவை தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி நிற்கும் உயரமும், பக்கச்சுவர் தடித்த டயர்களுமே. இங்கே டயர் கிழிவது பெரும்பாலும் அதன் பக்கவாட்டில். கூரிய கல் உரசிக் கிழிந்த பக்கச்சுவருக்கு ஒட்டு பயன்படாது. எனவே முழு அளவு மாற்று டயர் ஒன்று இருந்தே தீர வேண்டும்; தொலைவான பாதைகளுக்கு இரண்டு வைத்துக்கொள்வது மிகையன்று.

காற்றழுத்தமானி, மின்கலத்தில் நேரடியாக இணைக்கும் காற்றடிப்பான், பஞ்சர் ஒட்டும் கருவித்தொகுப்பு, நீண்ட பிடியுள்ள மண்வாரி, மணலில் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் இரண்டு பலகைகள், ஜாக்கி மணலில் புதையாமலிருக்க அதன் கீழே வைக்கும் தடித்த மரப்பலகை ஆகியவை கட்டாயமானவை. கைப்பேசி அலைவரிசை பல மணி நேரம் கிடைக்காது என்பதால் வரைபடங்களை முன்பே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றும் இருப்பது நல்லது.

நான்காம் படி: பெட்ரோலும் தண்ணீரும்

தீபகற்பத்தின் மிக முக்கியமான பெட்ரோல் நிலையம் எல் ரொசாரியோவில் இருக்கிறது. அதற்குத் தெற்கே மெக்ஸிகோ 1-இல் 300 கிலோமீட்டருக்கும் மேல் நம்பத்தக்க நிலையம் எதுவும் இல்லை. இடையிலுள்ள கத்தாவீஞாவில் சாலையோரமாகப் பீப்பாய்களை வைத்துக் கேனில் அளந்து விற்பவர்கள் உண்டு. அவர்களின் உதவியை அவசரத்துக்கு நன்றியோடு பெறலாமே தவிர, அதை நம்பித் திட்டமிடக் கூடாது. தொட்டியில் பாதிக்குக் கீழ் இறங்கும் முன் எந்த நிலையத்தைக் கண்டாலும் நிரப்பிக்கொள்வதும், 20 லிட்டர் கேன் ஒன்றை எப்போதும் நிறைத்து வைத்திருப்பதும் என் வழக்கம். மண்பாதையில் எரிபொருள் தார்ச்சாலைக் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகும் என்று கொள்ளுங்கள். மணலில் அதற்கும் மேல். நிரப்பத் தொடங்கும் முன் பம்பின் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தாள்களே எங்கும் செல்லும். சிறு மதிப்புள்ள பெசோ தாள்களாக வைத்திருங்கள்.

தண்ணீருக்கு, குளிர்காலத்திலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் என்று கணக்கிடலாம். அதில் 4 லிட்டர் குடிப்பதற்கே. இருவர் நான்கு நாள்கள் தங்க 48 லிட்டர் ஆகிறது. வண்டி நின்றுபோனால் காத்திருக்க இரண்டு நாள் சேமிப்பாக 24 லிட்டரைச் சேருங்கள். ஊர்களில் ‘ஆக்வா பூரிஃபிகாதா’ என்று எழுதிய கடைகளில் 20 லிட்டர்க் குடுவைகளைக் குறைந்த விலைக்கு நிரப்பித் தருவார்கள். எல்லாத் தண்ணீரையும் ஒரே குடுவையில் வைக்காதீர்கள். ஒன்று உடைந்தாலும் மற்றவை மிஞ்ச வேண்டும்.

ஐந்தாம் படி: தார்ச்சாலையில் ஓட்டுதல்

மெக்ஸிகோ 1 பல இடங்களில் குறுகலானது. தாரின் விளிம்பைத் தாண்டினால் மண்பட்டை இல்லாமல் நேரே சரிவு. எதிரே சரக்கு லாரி வரும்போது வேகத்தைக் குறைத்து விளிம்பை ஒட்டி நிதானமாகச் செல்லுங்கள். முன்னால் செல்லும் லாரி இடப்பக்க விளக்கை மினுக்கினால் ‘முந்திச் செல்லலாம்’ என்ற சைகையாக இருக்கலாம், இடப்பக்கம் திரும்பப் போவதாகவும் இருக்கலாம். உங்கள் கண்ணுக்குச் சாலை தெரியாமல் முந்தவேண்டாம். ‘வாடோ’ என்ற பலகை சாலை பள்ளத்தில் இறங்கி ஓடைப்படுகையைக் கடப்பதைக் குறிக்கும். மழைக்குப் பின் அங்கே நீர் ஓடும். ‘தோப்பே’ என்பது வேகத்தடை.

இரவில் ஓட்டவே கூடாது என்பதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. பகலின் சூட்டைத் தேக்கிய தாரின் வெதுவெதுப்புக்காக மாடுகள் இரவில் சாலைக்கு வந்து நிற்கின்றன. கறுத்த மாட்டைக் கறுத்த சாலையில் விளக்கொளி மிகத் தாமதமாகவே காட்டும். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அன்றைய இடத்தைச் சேர்ந்துவிட வேண்டும். தீபகற்பத்தின் வடக்கு, தெற்கு மாநிலங்கள் இரண்டின் எல்லை 28-ஆம் அட்சரேகையில், குவெரேரோ நெக்ரோவுக்கு அருகில் வருகிறது. குளிர்காலத்தில் தெற்கே செல்லும்போது அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதே இடத்தில் வேளாண் சோதனையும் உண்டு. சில பழங்களை மேற்கொண்டு கொண்டுசெல்ல விடமாட்டார்கள்.

வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் பல வரும். கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். வண்டி பழுதானால் 078 என்ற எண்ணில் ‘பச்சைத் தேவதைகள்’ என்ற அரசின் சாலை உதவிப் பிரிவை அழைக்கலாம், அவசரத்துக்கு 911.

ஆறாம் படி: மண்ணில் இறங்குதல்

தார் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள்தாம் பின்னால் அரைநாளை இழக்கிறார்கள். டயர் ஒவ்வொன்றின் வால்வு மூடியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊசியை அழுத்திக் காற்றை விடுங்கள். 36 பி.எஸ்.ஐ. இருந்த டயரைச் சரளைப் பாதைக்கு 25-க்கு இறக்கும்போது, சீறும் ஒலி மெல்லத் தணிவதையும், தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் சற்றே அகன்று பிதுங்குவதையும் பார்க்கலாம். டயர் இப்போது கல்லின் மேல் மோதாமல் அதை உள்வாங்கிக்கொண்டு உருளும். கூர்ங்கல் குத்துவதும் குறையும். துணி துவைக்கும் பலகையின் வரிகளைப் போல் இறுகிய மேடுபள்ளங்களில் வண்டியின் ஒவ்வொரு திருகையும் தளர்த்தும் அதிர்வும் குறையும். காற்றைக் குறைத்த டயரில் வேகமாகச் சென்றால் பக்கச்சுவர் சூடேறிச் சிதையும் என்பதால், சரளையில் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாமலிருப்பது நல்லது.

முதன்முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சான் போர்ஹா மிஷனுக்குச் செல்லும் பாதை. குவெரேரோ நெக்ரோவுக்கு வடக்கே, நெடுஞ்சாலையிலுள்ள ரொசாரிட்டோ என்ற சிற்றூரிலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் மண்பாதை அது; அமெரிக்க எல்லைக்கு அருகிலுள்ள அதே பெயர்கொண்ட நகரத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1762-இல் நிறுவப்பட்ட மிஷனின் கற்கோயில், ஐந்தாறு ஆள் உயரத்துக்கு எழும் கர்தோன் கள்ளிகளின் நடுவில், இன்றும் நிற்கிறது. வழி முழுவதும் சிரியோ மரங்கள் தென்படும். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு மெழுகுவத்தி என்று பொருள். கவிழ்த்து நட்ட முள்ளங்கியைப் போல் அடி தடித்து நுனி மெலிந்த இந்த மரம், வளைகுடாவுக்கு அக்கரையிலுள்ள ஒரு சிறு பகுதியைத் தவிர, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. எல் ரொசாரியோவுக்கும் சாந்தா ரொசாலியிட்டாவுக்கும் இடையே பசிபிக் கரையை ஒட்டி ஓடும் ‘ஏழு சகோதரிகள்’ பாதையை, குறைந்தது இரண்டு வண்டிகள் சேர்ந்து செல்லும்போது மட்டுமே மேற்கொள்ளுங்கள்.

பாதை இரண்டாகப் பிரியும் இடங்களில் புதிய சக்கரத் தடங்கள் அதிகமுள்ள கிளையே பெரும்பாலும் சரியானது. வழியில் வேலிக்கதவு வந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுச் செல்ல வேண்டும். மேய்ச்சல்காரரின் மாடுகள் அதை நம்பியிருக்கின்றன.

ஏழாம் படி: மணலும் உப்புத்தரையும்

மணலைக் கண்டதும் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் ஆழப் புதைந்தால் டயரை 15 பி.எஸ்.ஐ. வரை இறக்க வேண்டும். குறைந்த கியரில் சீரான வேகத்தோடு செல்லுங்கள். நிற்க நேர்ந்தால் பிரேக்கை அழுத்தாமல் வண்டி தானாக நிற்க விடுங்கள், முடிந்தால் முகம் சரிவை நோக்கியிருக்கும்படி நிறுத்துங்கள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கிய அந்த நொடியில் காலை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு கொடுக்கும் ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்குகிறது. நான்கு சக்கரங்களின் முன்னும் பின்னும், வண்டியின் அடியிலும் மணலை வாரி அகற்றி, காற்றை 12 வரை குறைத்து, பலகைகளை வைத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே உங்கள் எடையைத் தாங்கி இறுகியது. மற்றொரு வண்டி இழுத்து உதவும்போது, இழுவைக் குமிழில் (டிரெய்லரை மாட்டும் உருண்டை) கயிற்றை மாட்டவே கூடாது; அது முறிந்து பறந்து வந்தால் உயிர் போகும்.

மணலைவிட நான் அஞ்சுவது உப்புத்தரையை. குவெரேரோ நெக்ரோவுக்கு மேற்கே ஒருமுறை, சிமென்ட் தளம்போல் வெளுத்துச் சமமாகக் கிடந்த தரையில், பாதையைவிட அது மென்மையாக இருக்கிறதே என்று நான்கு வண்டி நீளம் விலகிச் சென்றேன். ஓடு உடைவதைப்போல் மெல்லிய ஒலி கேட்டது. முன்சக்கரங்கள் அச்சு வரை இறங்கின. வெள்ளை மேலோட்டின் கீழே கருஞ்சேறு, அழுகிய பாசியின் நாற்றத்தோடு, மண்வாரியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. வெளியே வர ஐந்து மணி நேரமும், அன்றைய குடிநீரில் பாதியும் செலவாயின. உப்புத்தரையில் ஏற்கெனவே அழுந்திய தடத்தை விட்டு ஒரு சாண்கூட விலக வேண்டாம்.

எட்டாம் படி: தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தல்

‘அரோயோ’ எனப்படும் வறண்ட ஓடைப்படுகைகள் காற்றுக்கு மறைவாகவும் சமதளமாகவும் இருப்பதால் கூடாரமடிக்க அழைக்கும். அங்கே தங்க வேண்டாம். தொலைவில், உங்கள் கண்ணுக்கெட்டாத மலையில் பெய்த மழை இரவில் அதன் வழியே வரும்.

கடற்கரையில் காய்ந்த பாசியும் சிப்பியும் வரிசையாக ஒதுங்கியிருக்கும் கோட்டைத் தேடுங்கள். அப்படிப் பல கோடுகள் தெரிந்தால் கரைப்பக்கம் கடைசியாக உள்ளதே பெரிய ஓதத்தின் எல்லை; அதற்கும் மேலே தங்க வேண்டும். வளைகுடாவின் வடபகுதியில், சான் ஃபெலிப்பேயைச் சுற்றி, கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு சில நாள்களில் 6 மீட்டரைத் தாண்டும். தட்டையான கரையில் அது நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவு. பௌர்ணமி, அமாவாசை நாள்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆளில்லாத நிலம் உரிமையாளர் இல்லாத நிலமன்று. பெரும்பகுதி ‘எஹிதோ’ எனப்படும் ஊர்ப்பொது வேளாண் அமைப்புகளுக்கோ, ‘ராஞ்சோ’ எனப்படும் மேய்ச்சல் பண்ணைகளுக்கோ சொந்தம். வீடோ ஆளோ தென்பட்டால் முதலில் சென்று கேளுங்கள். மறுப்பது அரிது, சிறு தொகை கேட்டால் மனமுவந்து கொடுங்கள். தனிமையில் தங்கப் பழகும் வரை, முலேஹேவுக்குத் தெற்கே பாஹியா கான்செப்சியோன் வளைகுடாவின் சாந்திஸ்பாக், எல் ரெக்கெசோன் போன்ற கரைகளில் தொடங்கலாம். நெடுஞ்சாலைக்கு அருகில், ஓலைப்பந்தல்களோடு, நாள் கட்டணத்தில் தங்கும் இடங்கள் அவை. எல் ரெக்கெசோனில் நீர் வற்றும்போது எதிரிலுள்ள தீவுக்கு மணல்திட்டின் மேல் நடந்தே போகலாம்.

ஒன்பதாம் படி: இரவும் உயிர்களும்

விறகை ஊரிலிருந்து கொண்டுசெல்லுங்கள். பாலைவனத்தில் விழுந்து கிடக்கும் கள்ளிக்கட்டை பல்லிக்கும் பூச்சிக்கும் வீடு. அதோடு, வாயே டி லோஸ் சிரியோஸ், எல் விஸ்கைனோ ஆகிய இரு பெரும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் தீபகற்பத்தின் நடுப்பகுதியில் பெரும் பரப்பை அடக்கியிருக்கின்றன. தேளுக்காகக் காலணியைத் தலைகீழாகத் தட்டிவிட்டு அணியுங்கள். புற ஊதா ஒளி தரும் கைவிளக்கில் தேள்கள் பச்சையாக ஒளிரும். காலணிகளை வெளியே விட்டால் கொயோட்டே நரிகள் தூக்கிச் செல்லும். ‘சோய்யா’ (cholla) எனப்படும் கள்ளியின் முள்ளுருண்டை காலில் ஒட்டினால் கையால் பிடுங்காமல், சீப்பை இடையில் விட்டு நெம்பி எடுங்கள்.

கடலில் இறங்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால், அடியில் படுத்திருக்கும் திருக்கைகள் விலகிவிடும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை ஒரு மணி நேரம் வரை அமிழ்த்தினால் வலி தணியும். முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

கழிவுக்கு நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் விலகி ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். காகிதத்தைப் புதைக்காமல் பையில் கட்டி எடுத்து வாருங்கள்; இந்த வறட்சியில் அது மக்குவதில்லை, அடுத்த காற்றில் முள்மரங்களில் தொங்கும்.

பத்தாம் படி: திரும்புதல்

தார்ச்சாலையை எட்டியதும், வேகமெடுக்கும் முன், நான்கு டயர்களுக்கும் காற்றை முழு அளவுக்கு நிரப்புங்கள். சக்கரத்தின் நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். சரளையின் அதிர்வில் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். காற்று வடிகட்டியை வெளியே எடுத்துத் தட்டினால் உள்ளங்கை நிறையப் புழுதி கொட்டும். பழைய டயரை வாசலில் நட்டு வைத்திருக்கும் ‘யந்தேரா’ எனப்படும் டயர் பழுதுபார்க்கும் கடை எந்தச் சிற்றூரிலும் இருக்கும். ஒட்டுப் போட்ட டயர்களை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் ஓடிய வண்டியின் அடிப்பகுதியை முதல் வாய்ப்பிலேயே நன்னீரால் கழுவி உப்பை நீக்க வேண்டும். எல்லையில் வரிசை சில மணி நேரம் நீளலாம் என்பதால், கடைசிப் பெட்ரோலையும் கடைசிக் குடிநீரையும் என்செனாடாவிலேயே நிரப்பிக்கொண்டு, இருட்டும் முன் எல்லைக்குப் போய்ச் சேருங்கள்.